ஐம்பதாவது சீட்டு

கீயென்று நீளமாக ஒலித்து ஓய்கிறது, இன்னொரு ஓட்டு விழுந்துவிட்டது. விழுந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், மரத்திலிருந்து புளியங்காய் விழுவதைப் போல, ஆனால் இயந்திரத்துக்குள் எதுவும் விழுவதில்லை, ஓர் எண் அடுத்த எண்ணாக மாறுகிறது, அவ்வளவுதான். உண்மையாகவே விழுவது பக்கத்துப் பெட்டிக்குள் அந்தக் காகிதச் சீட்டு மட்டும், வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சான சின்னச் சீட்டு, கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஏழு வினாடி நின்று முகம் காட்டிவிட்டு அறுபட்டு உள்ளே விழும். விழ வேண்டும். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்? இதோ மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை முறை வந்து நின்றேன் என்று எண்ணவில்லை, எண்ணுவதில் எனக்கு இன்று நம்பிக்கை போய்விட்டது. கள்ளிப்பாளையம் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு அறை. எதிர்ச் சுவரில் வாய்பாட்டு அட்டை, அதில் ஏழாம் வாய்பாடு சரியாக என் கண்ணுக்கு நேராக, ஏழேழு நாற்பத்தொன்பது. மின்விசிறிக் காற்றுக்கு அட்டை மெல்லக் கிளம்பி மெல்லச் சுவரில் அடிக்கிறது, நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது என்று. வெயில் நேரம், வரிசை ஓய்ந்துவிட்டது, ஆடு ஓட்டிப் போகிறவர்கள் போகிற வழியில் ஒருவர் இருவராக வந்து விரலை நீட்டுகிறார்கள். ஜெசிந்தா டீச்சர் கட்டுப்பாட்டுக் கருவியைத் தூங்குகிற குழந்தையைப் போல இரு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார், ஆள் வந்தால் பொத்தானை அழுத்துகிறார், வந்தவர் அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் அவருக்குப் பிடித்ததை அழுத்துகிறார், கீ. சன்னலோரம் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட இரண்டு பெரிய மனிதர்கள், வேட்பாளர்களின் முகவர்கள், இஸ்திரிப்பெட்டிச் சின்னத்துக்கு நாச்சிமுத்து, கிணற்றுச் சின்னத்துக்குச் சாமியப்பன். இவர்களுக்கெல்லாம் இன்று ஒரு நாள் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் நான், மற்ற நாளெல்லாம் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன், பிழை கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கினால் மாப்பிள்ளையின் பட்டத்துக்கு எதிரே போட்ட புள்ளி தப்பு என்பேன். எங்கள் தலைமையாசிரியரின் அப்பா இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவர் சிறை சென்ற ஆண்டைத் தவறாகச் சொன்னார், எழுந்து நின்று திருத்தினேன், பிணம் இன்னும் கூடத்தில்தான் இருந்தது. அப்படிப்பட்ட நான் இன்று காலை, என் கையால், என் பேனாவால், நாற்பத்தொன்பதை ஐம்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எழுதியது ஏன் என்று கேட்டால் டீ ஆறிக்கொண்டிருந்தது என்பதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. விடியாத நேரம், குழல்விளக்கைச் சுற்றி ஈசல், சாமியப்பன் வேட்டி நுனியால் கொசு விரட்டிக்கொண்டிருந்தார். நிஜ வாக்குப்பதிவு தொடங்கும் முன் மாதிரி வாக்குப்பதிவு ஒன்று நடத்த வேண்டும், முகவர்களை வைத்துக்கொண்டு ஐம்பது ஓட்டாவது போட்டு, இயந்திரம் சொல்லும் கணக்கையும் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு இயந்திரத்தின் நினைவை அழித்து, சீட்டுகளை வெளியே எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைத்து, பெட்டி காலி என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒத்திகைதான். ஆனால் நாடகக்காரர்கள் ஒத்திகையில் அழுத கண்ணீரை யாரும் உறையில் போட்டு முத்திரை வைப்பதில்லை. மாறி மாறி அழுத்தினார்கள், ஆள் வைக்காத சுயேச்சைகளுக்காக நான் அழுத்தினேன், கடைசி ஓட்டுக்கு வந்தபோது நாச்சிமுத்து எழுந்து, “கடைசி நான் போடறனுங்க சார். எங்க இஸ்திரிப்பெட்டியில முடிஞ்சா ராசியா இருக்குமுங்க” என்றார். “ராசிய எல்லாம் ஊட்டுல வெச்சுட்டு வரோணும் மாப்ள” என்றார் சாமியப்பன். நாச்சிமுத்து அழுத்தினார், கீ. இயந்திரம் ஐம்பது என்று காட்டியது. சீட்டுகளை மேசையில் பரப்பி எண்ணினேன், நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், மறுபடி அதே. ஜெசிந்தா டீச்சர் எண்ணினார், அவருக்கும் அதே, ஆனால் அவர், “வேர்த்த கையோட எண்ணினா ரெண்டு ஒண்ணா ஒட்டிக்கும் சார்” என்றார். பெட்டியைச் சாய்த்தேன், தட்டினேன், உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன், காலி. காலியாகத்தான் இருந்தது பெட்டி, ஆனால் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சீட்டு இறங்குகிற அந்தக் குறுகல் வழியைப் பார்க்க யாருக்கும் வழியில்லை. “ஒரு சீட்டுக்கு ஏனுங் சார் இத்தன மெனக்கெடறீங்க? மெசினே அம்பதுன்னு சொல்லிருச்சு” என்றார் நாச்சிமுத்து. “மெசின நான் நம்பறதில்ல, ஆனா டீ வந்துருச்சுங் சார்” என்றார் சாமியப்பன். வெளியே வரிசை சேர்ந்துவிட்டது, இருமல்களும் செருப்புச் சத்தமும் கேட்டன, முழுவதையும் மறுபடி செய்தால் ஏழு மணிக்குத் தொடங்க முடியாது, தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் அதற்கு விளக்கம் கேட்பார்கள். இயந்திரம்: ஐம்பது. சீட்டு: ஐம்பது. எழுதிவிட்டேன். ஆசிரியர் அறையில் இத்தனை வருடம் நான் நடத்திய வாதம் எல்லாம் அந்த ஒரு வரியில் போயிற்று. இயந்திரம் தனக்குத் தானேதான் சாட்சி சொல்லும், காகிதம் வேண்டும், ஆவணம் வேண்டும், காகிதம் இல்லாமல் வரலாறே இல்லை என்று மேசையைத் தட்டிப் பேசியவன் நான். காகிதம் முதல் முறையாக இயந்திரத்தை மறுத்து வாய் திறந்தபோது, அதன் வாயைப் பொத்தியவனும் நான்.

கீ. ஒரு கிழவர் வெளியே வருகிறார், மை வைத்த விரலைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவர் முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. காலையில் முதல் ஆளாக வந்தவளின் முகத்தில் இருந்தது. முகவர் வீட்டுப் பெண்கள்தான் முதலில் வந்து போட வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம், போணி செய்வது மாதிரி, அதனால் பெண்கள் வரிசையின் தலையில் பூங்கோதை நின்றிருந்தாள், நாச்சிமுத்துவின் மனைவி. தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், புதுப்புடவையின் மடிப்பு கலையாமல். “இவதானுங்க நம்ம ஊட்டுக்காரி” என்று நாச்சிமுத்து எனக்குச் சொன்ன குரலில் பெருமைதான் இருந்தது. உள்ளே போனாள், கீ என்றது, வெளியே வந்தாள், வாசலைப் பார்த்துப் போகாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். “சார், நான் கெணத்துக்கு அழுத்தினனுங்க. கண்ணாடியில இஸ்திரிப்பெட்டி வந்துச்சுங்க.” சில்லறை குறைகிறது என்று பஸ் கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள், அத்தனை இயல்பாக. சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. ஓட்டு ரகசியம் என்று அட்டையும் சாக்கும் வைத்து மறைப்புக் கட்டுகிறோம், அந்த ரகசியத்தை அவளே சத்தமாகச் சொல்லிவிட்டாள், சொல்லாமல் புகார் கொடுக்க வழியும் இல்லை. நான் அதை இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், அந்த ஏழு வினாடியும் அதற்கடுத்த சில வினாடியும் அவள் யாருடைய மனைவியாகவும் இல்லை, தன்னுடைய ஒன்று வேறு எங்கோ போய்விட்டது என்ற பதற்றம் மட்டுமாக இருந்தாள். முதலில் சிரித்தது சாமியப்பன். “கேட்டீங்களா சார்! பத்து வருசமா இதையேதான் கத்திக்கிட்டிருக்கறேன், எதுக்கு அழுத்தினாலும் அவிங்களுக்கே போவுதுன்னு! இன்னிக்கு அவிங்க ஊட்டுச் சாட்சியே வந்துருச்சு!” நாச்சிமுத்து சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “அவளுக்குக் கண்ணு சரியில்லீங்க சார். இஸ்திரிப்பெட்டிக்குத்தான் அழுத்தியிருப்பா. பதட்டத்துல மாத்திச் சொல்றா” என்றார். அவருடைய கண் என்னைக் கெஞ்சியது, இயந்திரம் சரி என்று சொல்லுங்கள், இயந்திரம் சரியென்றால் என் மனைவி எனக்குத்தான் போட்டாள். ஒரு மனிதனின் தாம்பத்தியம் ஒரு காகிதச் சீட்டின் நேர்மையில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன் எந்த ஆவணத்திலும் படித்ததில்லை. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன், விதியைப் படித்தேன். நாற்பத்தொன்பதாம் விதியின் கிளை, பாருங்கள், அங்கேயும் அந்த எண்தான். புகார் சொல்கிறவர் எழுதிக் கொடுத்தால் சோதனை ஓட்டு ஒன்று போடலாம், முகவர்கள் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும், சீட்டு சரியாக வந்தால் புகார் பொய், பொய்க்கு வழக்கு, வழக்குக்குச் சிறை வரை உண்டு. வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலிலேயே வாசித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பெஞ்சிலிருந்த புருஷனைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். “வேணாங்க சார். நாந்தான் மாத்திப் பாத்திருப்பேன்.” புடவை மடிப்பு கலையாமல்தான் போனாள்.

அதோடு அது முடிந்தது என்று நானும் நினைத்தேன், மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற வரை. தயிர்ச்சோறு. உள்ளே வைத்த வாழையிலைத் துண்டு வெளிக்காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, நகத்தால் கிளப்பினேன், இலைக்குப் பின்னால் இன்னோர் இலை, முதல் இலை அதை முழுக்க மறைத்துக்கொண்டு. கை அப்படியே நின்றது. காலையில் கடைசியாக அச்சானது நாச்சிமுத்துவின் இஸ்திரிப்பெட்டி. எண்ணும்போது வராத ஒரு சீட்டு. அது விழவில்லை, கண்ணாடியில் வேர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டது, ஓட்டு விழும்போது மட்டும் எரிகிற உள்விளக்கு எரியாத வரை அது யாருக்கும் தெரியாது. பூங்கோதை அழுத்தியபோது விளக்கு எரிந்தது, அவளுடைய கிணறு பின்னால் அச்சாகி நிற்க, முன்னால் ஏழு வினாடியும் அவள் பார்த்தது அவள் புருஷன் ஒத்திகைக்குப் போட்ட ஓட்டின் சீட்டு. பிறகு இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளே இப்போதும் அப்படியே கிடக்கும். எனக்கு இது நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும், திறந்தால் முத்திரை போகும், முத்திரை போனால் உள்ளே இருப்பது சாட்சியாக நிற்காது. உண்மையைப் பார்த்தால் உண்மை கெட்டுப்போகிற ஓர் ஏற்பாட்டை நல்லெண்ணத்தோடு கட்டியிருக்கிறோம், அதற்கு நான் காவல். தயிர்ச்சோற்றை மடித்து வைத்துவிட்டேன், புளித்துப்போயும் இருந்தது.

இயந்திரத்தில் பூங்கோதையின் ஓட்டு கிணற்றுக்குத்தான் ஏறியிருக்கும், அதில் குறைவில்லை. காகிதத்தில்தான் ஒன்று கூடுதல். தொகுதிக்கு ஐந்து சாவடியைக் குலுக்கலில் எடுத்து அதில் மட்டும் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பார்கள், முந்நூறு சாவடியில் ஐந்து, நம் பெயர் வராது என்றுதான் லாட்டரி வாங்காதவன் ஒவ்வொருவனும் நம்புகிறான். பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி உத்திரமேரூரிலிருந்து ஆரம்பித்தார், ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை கண்ட மண் இது என்று, பின்வரிசையில் நான் பக்கத்திலிருந்தவரிடம், குடத்துக்குள் போட்ட ஓலையை யாராவது எண்ணினார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லையே என்றேன், அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார். குலுக்கலில் இந்தச் சாவடி வந்தால், கம்பி வலைக்குள் உட்கார்ந்து சின்னம் வாரியாகச் சீட்டுகளைப் பிரித்துப் புறாக்கூண்டு மாதிரியான குழிகளில் அடுக்குவார்கள், இஸ்திரிப்பெட்டிக் குழியில் ஒன்று கூடுதலாக இருக்கும், இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் காகிதம் சொல்வதே செல்லும் என்று விதி, ஆகவே நாச்சிமுத்து ராசிக்காகப் போட்ட ஒத்திகை ஓட்டு நிஜ ஓட்டாகிவிடும், வலைக்கு வெளியே நிற்கிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், ஒன்று தவறினால் எத்தனை தவறியதோ என்று சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை. வராவிட்டால்? வராவிட்டால் ஒன்றும் ஆகாது, அதுதான் இன்னும் மோசம். பெட்டி ஓர் அறையில் கிடக்கும், வழக்குப் போடுகிற காலம் கடக்கும், பிறகு ஒருநாள் சீட்டுகளை அழித்துவிடலாம் என்று உத்தரவு வரும், கிழித்தோ எரித்தோ. அதோடு அச்சடிக்கிற தாளும் சூட்டுக்குக் கறுத்து நாளாவட்டத்தில் வெளுக்கிற தாள், என் சட்டைப்பையில் இருக்கும் பெட்ரோல் பங்க் ரசீதைப் போல. ரசீதை எடுத்துப் பார்க்கிறேன், ஒரு மூலையில் ஏற்கெனவே எழுத்து வெளுத்துவிட்டது. ஒரு பெண் கண்ணால் கண்டதைச் சொன்னாள், அது நிஜம் என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் மூன்று எட்டுத் தள்ளிப் பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறக்க உலகத்தில் யாருக்கும் காரணம் இருக்கப் போவதில்லை.

“மாப்ள, ஊட்டுல இஸ்திரி போடறது நீயா, தங்கச்சியா?” சாமியப்பன் விடுகிறபாடில்லை, காலையிலிருந்து அரைமணிக்கு ஒன்று. “உன்ற ஊட்டு ஓட்டே கெணத்துல விழுந்துருச்சாமே, பாதாளக் கரண்டி போட்டுத்தான் எடுக்கோணுமா?” நாச்சிமுத்து இப்போது அதற்குச் சிரிக்கக்கூடச் செய்கிறார். “போய்யா. கண்ணாடி மாத்தோணும்னு மூணு மாசமாச் சொல்லிக்கிட்டிருந்தா, நாந்தான் கூட்டிட்டுப் போகல. உனக்குப் போடறதுக்கு அவளுக்கென்ன புத்தி பெசகிப் போச்சா?” நம்பிவிட்டார். நம்ப வேண்டும் என்று முடிவு செய்து, மதியம் வரை அதை மென்று, விழுங்கிவிட்டார். ஒரு மணிவாக்கில் அவள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து பள்ளி கேட்டில் கொடுத்தாள், காவலர் உள்ளே கொண்டுவந்து கொடுத்தார். நாச்சிமுத்து அதை வாங்கிப் பெஞ்சுக்கடியில் காலால் தள்ளினார், கட்சிக்காரர்கள் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வாய் தின்றார், மிச்சத்தை மடக்கி வைத்தார். அவள் போய்விடவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில், மற்ற பெண்களிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், வாளியை வாங்கிக்கொண்டு போகத்தான் என்று யார் கேட்டாலும் சொல்லலாம். இங்கிருந்து சன்னல் கம்பி வழியே அவளுடைய தோளும் முழங்கையும் தெரிகின்றன. சொல்லிவிட்டால் என்ன? சாவடி சாவடியாகச் சுற்றிப் பார்க்கிற மண்டல அலுவலர் நான்கு மணிக்கு வருவார், சார் ஒரு சீட்டு குறைந்தது, நான் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னால், அது ஓர் ஆவணத்தில் ஏறும், அந்தப் பெண் பொய்யில்லை என்று எங்கோ ஒரு வரியில் நிற்கும். என் வேலை போகலாம், போகாமலும் போகலாம், ஓய்வூதியம் இழுத்தடிக்கும், என் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், பிழை திருத்தப் போனீர்களா என்று மட்டும் கேட்பாள். ஆனால் பூங்கோதை பொய் சொல்லவில்லை என்றால் அவள் கிணற்றுக்குப் போட்டது மெய்யாகிவிடும். கண் மங்கினவள் என்ற பெயர்தான் இப்போது அவளுக்குக் கூரை. அதைப் பிரித்துவிட்டு, பார் அம்மா, உனக்கு நீதி வந்துவிட்டது என்று நான் யாரிடம் காட்டுவேன். சொல்லாமல் இருப்பது அவளுக்கு நல்லது. சொல்லாமல் இருப்பது எனக்கும் நல்லது, அதனால்தான் அந்த எண்ணத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லதாக இருக்கிற ஒரு மௌனம் இவ்வளவு சுலபமாகக் கையில் கிடைக்குமா. ஆனாலும் சொல்லக் கூடாது. சரி, சொல்லமாட்டேன். தீர்மானமாகிவிட்டது. அட்டை சுவரில் அடிக்கிறது. ஏழேழு.

நாச்சிமுத்து குனிந்து பெஞ்சுக்கடியிலிருந்து தூக்குவாளியை இழுக்கிறார். “பசிக்குதா மாப்ள? பிரியாணி என்னாச்சு?” “அது வயித்துக்குச் சேரல. ஊட்டுச் சோறு மாதிரி வருமா?” வாளியின் கொக்கியை நெம்பி விடுகிறார், டக் என்ற சத்தம், மூடி தூக்கியதும் கொள்ளுப் பருப்பு வாசனை அறை முழுக்கப் பரவுகிறது, ஜெசிந்தா டீச்சர்கூடத் திரும்பிப் பார்க்கிறார், எனக்குள் கட்டிக்கிடந்த ஏதோ அவிழ்கிறது, சாப்பிடட்டும், இவர் சாப்பிட்டுவிட்டால் போதும், மீதியை எல்லாம் நான் சுமந்துகொள்வேன். அப்போதுதான் ஜீப் சத்தம். மண்டல அலுவலர் வியர்வையோடு உள்ளே வருகிறார், இளைஞர், வாரம் முழுக்கத் தூங்காத கண், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே படிவங்களைப் புரட்டுகிறார். “ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே சார்? எத்தனை ஆச்சு? நல்லா போயிருக்கு. பேட்டரி ஓகே. மாதிரி வாக்குப்பதிவு... அம்பதுக்கு அம்பது சீட்டும் சரியா இருந்துச்சு, இல்லீங்களா?” அவர் பதிலுக்காகக்கூடக் காத்திருக்கவில்லை, அடுத்த தாளுக்குப் போய்விட்டார். “நாற்பத்தொன்பது” என்கிறது ஒரு குரல். வகுப்பில் பையன் பானிபட்டுக்குத் தவறான ஆண்டு சொன்னால் என் வாயிலிருந்து தானாக வருகிற அதே குரல். அலுவலர் தாளிலிருந்து கண்ணை எடுக்கிறார். “என்னங்க சார்?” இனி நிறுத்த முடியாது, பாதித் திருத்தம் முழுப் பிழையைவிட மோசம் என்று வேறு ஏதோ ஒன்று எனக்குள்ளிருந்து சொல்கிறது, சொல்கிறேன், ஒரு சீட்டு விழவில்லை, பெட்டிக்குமேல் எங்கோ ஒட்டிக்கொண்டது, கடைசியாக அச்சானதாகத்தான் இருக்க வேண்டும், பிறகு முதல் வாக்காளரின் சீட்டோடு சேர்ந்து விழுந்திருக்கலாம், நான் ஐம்பது என்று எழுதிவிட்டேன். வார்த்தைகள் தெளிவாக, வரிசையாக, காரணத்தோடு வருகின்றன, என் வாழ்க்கையில் இத்தனை நன்றாக நான் பாடம் நடத்தியதில்லை.

அலுவலர் என்னைப் பார்க்கிறார், படிவத்தைப் பார்க்கிறார், ஜீப்பைப் பார்க்கிறார். “சார், நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறது அம்பது. ஏஜென்ட்டுங்க கையெழுத்தும் இருக்குது.” பெஞ்சுப் பக்கம் திரும்புகிறார். “ஏனுங்க, காலையில எத்தன சீட்டுங்க?” பத்து வருடமாகக் கத்திய சாமியப்பனைத்தான் நான் நம்பினேன். அவர் தாடையைச் சொறிகிறார். “இல்லீன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?” “மேல எழுதோணுங்க. மறு வாக்குப்பதிவுகூட வரலாம்.” “எங்க சனம் பூரா ஓட்டுப் போட்டுட்டுத் திருப்பூர் பஸ் ஏறிருச்சுங்களே. மறுக்கா எவன் வருவான்?” துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, “அம்பதுதானுங்க. நாங் கண்ணால பாத்தேன்.” அலுவலர் ஜெசிந்தா டீச்சரைப் பார்க்கிறார். டீச்சர் கருவியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “அம்பது சார். வேர்த்த கைக்கு ஒட்டிக்கிச்சு” என்கிறார். “நீங்க?” நாச்சிமுத்துவுக்குக் கேள்வி காதில் விழவில்லை போல, திரும்பக் கேட்ட பிறகு, “அம்பதுங்க” என்கிறார். ஒரு கட்சியும் இன்னொரு கட்சியும் அரசும் ஒரு குரலில் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை, சுதந்திரப் போராட்டத்தில்கூட இப்படி இல்லை. “அப்புறமென்னங்க சார். வெயிலு. சரியாச் சாப்புடலயோ என்னமோ. மோரு வாங்கியாறச் சொல்றேன்” என்று என் தோளைத் தொட்டுவிட்டு அலுவலர் போகிறார், ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. என் உண்மையை நால்வருமாகச் சேர்ந்து அடக்கம் செய்துவிட்டார்கள், இனி அது எனக்கே உண்மையாக இருக்குமா தெரியவில்லை, நாளைக்குள் நானும் ஐம்பது என்று எண்ணியதாக நினைவு வந்துவிடும். நல்லதுதான், ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சொன்னது காற்றோடு போயிற்று, யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று மூச்சை விடுகிறேன், விட்டபடியே பெஞ்சைப் பார்க்கிறேன். நாச்சிமுத்து வாளியை மடியில் வைத்தபடி, மூடி ஒரு கையில், சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கணக்கு அவருக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, பின்வரிசைப் பையன் தனக்குத்தானே ஒன்றைக் கண்டுபிடிக்கிறபோது முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், இருபத்தைந்து வருடம் அந்த முகத்துக்காகத்தான் பாடம் நடத்தினேன். “சார்” என்கிறார், மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில். “கடைசியா அழுத்தினது நான்தானுங்களே?”

“ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். அது சரியான விடையாக இருந்தது. அவர் கையிலிருந்த மூடியை வாளியின்மேல் வைக்கிறார், பொருந்துகிறதா என்று பார்க்கிறார், கொக்கியை மாட்டுகிறார், டக். “எங்க மாப்ள?” என்கிறார் சாமியப்பன். நாச்சிமுத்து வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார். என் நாற்காலியிலிருந்து சன்னல் வழியாக மைதானம் முழுக்கத் தெரிகிறது, கொடிக்கம்பம், குழாயடி, சுண்ணாம்புக் கோடு, அவசரமில்லாமல் அதைத் தாண்டிப் போகிறார். அவரைக் கண்டதும் பூங்கோதை எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டருகே வருகிறாள், கம்பி இடைவெளி வழியாகக் கையை நீட்டுகிறாள், முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட இருக்கிறது, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள் என்று நினைக்கிறேன். அவர் வாளியை அவள் கையில் கொடுக்கிறார். அவள் கை சட்டென்று கீழே இறங்குகிறது, காலி வாளிக்காக நீட்டிய கை, பிறகு சமாளித்து நிற்கிறது. அவள் வாளியைத் திறந்து பார்க்கவில்லை. இங்கே யாரோ உள்ளே வருகிறார்கள், அடையாள அட்டையைக் காட்டுகிறார்கள், விரலை நீட்டுகிறார்கள், ஜெசிந்தா டீச்சர் பொத்தானை அழுத்துகிறார், மறைப்புக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு கீயென்று நீளமாக ஒலித்து ஓய்கிறது. “சார், என்ற ஓட்டு விழுந்துருச்சுங்களா?” என்று கேட்கிறது ஒரு பெண் குரல். நான் சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், விழுந்துவிட்டதம்மா, போய் வாருங்கள் என்கிறேன்.